கேட்கும் வேகம்

உடைக்குளம் ஊராட்சியின் கிராமசபை அன்றும் காலை ஏழு மணிக்குக் கூடி, ஏழு மணி நான்கு விநாடிக்குக் கலைந்தது. செயலர் ஆவுடையம்மாள் கால்மணி நேரம் கழித்து அலுவலகத்தைத் திறந்தபோது, மூலையில் பீரோ உயரத்துக்கு நின்ற பேழையின் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. தீர்மானங்கள் அச்சாகித் தட்டில் விழுந்திருந்தன. அவற்றைப் படித்துக் கையெழுத்திட்டு, வாசல் பலகையில் ஒட்டி, சொன்னபடி நடத்தி வைப்பது அவள் வேலை. பதினொரு ஆண்டுகளாகச் செய்துவருகிறாள்.

அன்று அவள் உடனே தாள்களைத் தொடவில்லை. முதலில் ஜன்னல்களைச் சாத்தினாள். பிறகு ஊதுபத்தி கொளுத்தினாள். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பியதிலிருந்து ஊர் முழுக்க நாறிக்கொண்டிருந்தது. எல்லா வீட்டுக் கழிவும் குழாய் வழியாக வடக்கே போய் ஒரே தொட்டியில் சேரும். சேர்தொட்டி என்று அதற்குப் பெயர். அதற்குள் ஊர்ந்து போய் வண்டலை உறிஞ்சி எடுக்கும் இயந்திரத்தை நத்தை என்பார்கள். நத்தை நின்று இருபத்து நான்கு நாளாகிவிட்டது. யார் வீட்டிலிருந்தோ போன படுக்கை விரிப்பும், கோழிக்கடை இறகும், குழந்தைகளின் டயப்பர்களும் முறுக்கிக் கயிறாகி, அதன் பற்களில் சுற்றி மோட்டாரை எரித்துவிட்டன. புது மோட்டார் வர இன்னும் ஒரு மாதம் ஆகுமாம்.

ஊதுபத்தி மணம் தொட்டி நாற்றத்தோடு கலந்து இன்னும் குமட்டியது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முதல் தாளை எடுத்தாள்.

'தீர்மானம் 1187. சேர்தொட்டி இயந்திரத்தின் பழுது நீங்கும்வரை காத்திராமல், தீபாவளிப் பண்டிகைக்கு முன்பாகத் தொட்டியைக் கைவழியே தூய்மை செய்ய, வடக்குக் குடியிருப்பைச் சேர்ந்த அனுபவமுள்ள தன்னார்வலர்களை உரிய மரியாதையுடன் அணுகுவது. ஆதரவு 609. எதிர்ப்பு 41.'

'கைவழியே' என்ற சொல்லில் அவள் கண் நின்றது. ஆளை இறக்கி அள்ளச் சொல்கிறார்கள். அப்படி இறக்குவது குற்றம் என்ற சட்டம் அவள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. அதை மீறச் சொல்லும் தாளில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. 'உரிய மரியாதையுடன்' என்று வேறு இருந்தது.

பேழைக்குள் இருந்தவை பதிலிகள். ஊரில் வாக்குரிமை உள்ள அறுநூற்றைம்பது பேருக்கும் ஆளுக்கொரு பதிலி. ஒவ்வொருவர் காதிலும் மிளகளவு செவிமணி ஒன்று இருக்கும். அவர் பேசுவது, வாங்குவது, முனகுவது, யாரைக் கண்டால் நடையை வேகப்படுத்துகிறார் என்பது எல்லாம் அதன் வழியாகப் பதிலிக்குப் போகும். அவர் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று பதிலி கற்றுக்கொள்ளும். சபையில் அவருக்காகப் பேசும், வாதாடும், வாக்களிக்கும். பழைய காலத்துக் கிராமசபைக்கு நாற்பது பேர் வந்தாலே பெரிது. அதிலும் பாதிப் பேர் வடைக்கு வந்தவர்கள். இப்போது யாரும் வேலையை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. வருகை எப்போதும் நூறு சதவீதம். அதற்காகக் கிடைத்த கேடயம் சுவரில் தொங்கியது.

நாற்பத்தொன்று என்ற எண் அவளுக்குப் பழக்கமானது. வடக்குக் குடியிருப்பின் வாக்குகள் அத்தனைதான். நத்தை நின்ற பிறகு மூன்று முறை அவர்களுடைய பதிலிகள், பக்கத்து ஊர் நத்தையை வரவழைக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தன. மூன்றும் தோற்றன. அப்போது காற்று தெற்கிலிருந்து வீசியது. நாற்றம் குடியிருப்போடு நின்றது. இப்போது பக்கத்து ஊர் நத்தையும் வேறெங்கோ வேலைக்குப் போய்விட்டது.

அறுநூற்றொன்பது என்றால் மீதி ஊர் முழுவதும். ஒருவர்கூட மாறிப் போடவில்லை. அந்த அறுநூற்றொன்பதில் தானும் ஒருத்தி என்பது உறைக்க அவளுக்குச் சற்று நேரமாயிற்று.

தாளை எடுத்துக்கொண்டு ஊராட்சித் தலைவர் திருமலைக்கொழுந்தின் வீட்டுக்குப் போனாள். எல்லாக் கதவுகளையும் அடைத்து ஏசியைப் போட்டுக்கொண்டு அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இதை எப்படி ஒட்ட? ஆளை எறக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு."

"தன்னார்வலர்னு போட்டிருக்குல்லாம்மா. நாம யாரையும் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளலையே."

"அவங்க நாப்பத்தோரு பேரும் வேண்டாம்னுல்லா போட்டிருக்காங்க. பிறகு தன்னார்வலர் எங்க இருந்து வருவாங்க?"

"கேட்டுப் பாரு. மரியாதையாக் கேக்கணும்னு ஊரே சொல்லுது. அந்தக் காலம் மாதிரியா? ஊரு திருந்திட்டு." அவர் இட்லியைச் சட்னியில் புரட்டினார்.

"உங்க பதிலி எந்தப் பக்கம் போட்டுச்சு அண்ணாச்சி?"

"அது ரகசிய வாக்கும்மா."

"அடுத்தவங்களுக்குத்தான் ரகசியம். நீங்க கேட்டுக்கிடலாம்."

"கேட்டு என்ன செய்ய? என் மனசு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு இன்னொரு இட்லி வைக்கச் சொல்லி உள்பக்கம் குரல் கொடுத்தார்.

அடுத்ததாக ராஜகனி டீச்சரிடம் போனாள். ஊர்த் தொடக்கப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் யாருக்குச் சண்டை வந்தாலும் அவரிடம்தான் நியாயம் கேட்பார்கள். தாளைப் படித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இதை யாரு போட்டாங்க, ஆவுடை?"

"எல்லாரும் போட்டிருக்காங்க டீச்சர். தெற்குத் தெரு, நடுத்தெரு, கீழத்தெரு, ஒண்ணு பாக்கியில்ல."

"நான் போட்டிருக்க மாட்டேன். மெஷின்ல ஏதோ கோளாறு."

"அலுவலகத்துக்கு வந்து ஒரு தடவை கேட்டுருவோமா?"

"அது தேவையில்லம்மா." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "எனக்கு முழங்கால் வேற வலி."

போகிற வழியில் மருந்துக்கடையில் கேட்டாள். பால் பண்ணையில் கேட்டாள். எல்லோரும் அதிர்ந்து போனார்கள். பேழையிடம் கேட்டுப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பிக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். பேழையின் தட்டில் கட்டைவிரலை வைத்து, "ஆயிரத்து நூத்தி எம்பத்தேழுல என் வாக்கு என்ன?" என்று கேட்டாள்.

"ஆதரவு" என்றது அவளுடைய குரல்.

"ஏன்?"

பேழை பதில் சொல்லவில்லை. போட்டுக் காட்டியது. மூன்று நாளைக்கு முன் அவள் தங்கையிடம் போனில் பேசியது. "நாலு நாளா ஒரு வாய் சாப்பிட முடியலடி. அந்தத் தெருவுல யாராவது ரெண்டு பேரு உள்ள குதிச்சு அள்ளிப் போட்டா ஒரு மணி நேரத்து வேலை. அவங்களுக்கு என்ன, பழகின நாத்தம்தான." தங்கை சிரித்தாள். அவளும் சிரித்திருக்கிறாள். அதற்கு அடுத்த வாக்கியம் அதிரசத்துக்குப் பாகு எடுப்பதைப் பற்றியது.

"அது சும்மா பேசினது" என்றாள் ஆவுடையம்மாள், வெறும் அறையில்.

"சும்மா பேசினதுதான்" என்றது அவள் குரல். "அதை மாத்தி வேற ஒண்ணும் பேசலையே."

பின்பக்கக் குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். நாக்கில் ஏதோ வழவழப்பாக ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. மூன்று முறை கொப்பளித்தும் போகவில்லை.

மதியத்துக்கு மேல் தாளை எடுத்துக்கொண்டு வடக்கே நடந்தாள். செயலர் என்ற முறையில் அவள்தான் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நத்தையை ஓட்டும் சங்கிலிமாடன் சேர்தொட்டிக்குப் பக்கத்துக் கொட்டகையில் அதன் பற்களைப் பிரித்துப் பரப்பி வைத்திருந்தான். வயது முப்பத்துமூன்று. ஐடிஐ முடித்து, ஒன்பது ஆண்டுகளாகக் கைப்பிடியைத் திருகித் திரையைப் பார்த்து நத்தையை ஓட்டுகிறான். கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டி. சாம்பல் நிறத் தோல் ஒன்று மேலே படர்ந்திருந்தது. அது மெல்ல உப்பியது, ஓரிடத்தில் வெடித்தது, மறுபடி மூடிக்கொண்டது. இருபது அடி தள்ளி முதல் வீட்டு வாசலில் கோலம் போட்டிருந்தார்கள்.

சங்கிலி கையுறையைக் கழற்றிவிட்டுத் தாளை வாங்கிப் படித்தான். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"மரியாதையாக் கேக்கச் சொல்லியிருக்காங்க போல."

"ஆமா."

"கேளுங்கக்கா."

அவள் பார்வையைத் தொட்டிப் பக்கம் திருப்பினாள். அவனும் அங்கே பார்த்தான்.

"எங்க சித்தப்பா இதுக்குள்ளதான் போனாரு. கயித்தைப் பிடிச்சு இழுத்தோம், கயிறு மட்டும்தான் வந்துச்சு. அதுக்குப் பிறகுதான் நத்தை வாங்கினாங்க. இந்த ஒன்பது வருசத்துல என் கை அதுல பட்டதில்ல. எம்மவகிட்ட அதைத்தான் பெருமையாச் சொல்லுதேன்." தாளை நான்காக மடித்தான். "உங்க பதிலி எந்தப் பக்கம்க்கா?"

"தெரியல. கேக்கல" என்றாள் அவள்.

அவன் அவளையே பார்த்தான். பிறகு, "நேர்க்கூட்டம்னு ஒண்ணு சட்டத்துல இருக்குல்லா? அதுக்கு எத்தனை கையெழுத்து வேணும்?" என்று கேட்டான்.

வாக்காளர்களில் இருபதில் ஒரு பங்கு பேர் நேரில் வந்து கையெழுத்திட்டால், அந்த ஒரு தீர்மானத்துக்கு மட்டும் பதிலிகளை நிறுத்திவிட்டு ஆட்களே கூட வேண்டும். பதினொரு ஆண்டுகளில் யாரும் கேட்டதில்லை. முப்பத்துமூன்று கையெழுத்து போதும். மறுநாள் காலை நாற்பத்தொரு பேரும் வரிசையில் வந்து கையெழுத்திட்டார்கள்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, அலுவலகத்தை ஒட்டிய ஊராட்சிக் கூடத்தில். இடைக்கதவைத் திறந்து வைத்ததில் மூலைப் பேழையும் சுவர்க் கேடயமும் கூடத்திலிருந்து தெரிந்தன. நாற்காலிகளில் பதினொரு ஆண்டுத் தூசி. நூற்றைம்பது பேர்போல வந்தார்கள். கல்யாணத்துக்கு வருகிற மாதிரி உடுத்தியிருந்தார்கள். மூக்கில் கைக்குட்டை. வடக்குக் குடியிருப்பினர் பின்சுவரை ஒட்டி நின்றார்கள். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

தலைவர் தீர்மானத்தைப் படித்துவிட்டு, பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்றார். சங்கிலி முன்னால் வந்தான்.

"எனக்கு ஓட்டுகூட வேண்டாம். ஒவ்வொருத்தரா இங்க வந்து, உங்க பதிலி என்ன சொல்லிச்சுன்னு எங்க முன்னால பேழைகிட்டக் கேளுங்க. அது போதும்."

முன்வரிசையில் சிலர் கைக்குட்டையை இன்னும் அழுத்திப் பொத்திக்கொண்டார்கள்.

"அது அவங்கவங்க தனிப்பட்ட விசயம்ப்பா" என்றார் தலைவர். "சபையில அப்படியெல்லாம் கேக்கக் கூடாது."

அவன் நகரவில்லை. யாரும் அவனைப் பார்க்கவும் இல்லை. ஒருவர் செருப்பைப் பார்த்தார். ஒருவர் சுவரில் தொங்கிய கேடயத்தைப் பார்த்தார். ஆவுடையம்மாள் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். ஏன் எழுந்தாள் என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். கொட்டகையில் அவனிடம் பொய் சொன்னதை இன்னொரு நாள் சுமக்க முடியாது என்பதைத் தவிர அவளிடம் வேறு காரணம் இல்லை. பேழையின் தட்டில் விரலை வைத்தாள். கூடத்தின் ஒலிபெருக்கியை இணைத்தாள்.

அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. நாலு நாளாச் சாப்பிட முடியாதது, ரெண்டு பேர் குதிப்பது, பழகின நாத்தம், சிரிப்பு, அதிரசப் பாகு. எல்லாம்.

முதலில் யாரோ ஒரு பெண், "ச்சீ" என்றாள். பிறகு அது பரவியது. "இவ கையாலயா நாம சான்றிதழ் வாங்கிட்டு இருந்தோம்?" என்றது ஒரு குரல். "மனுசியா இவ?" என்றது இன்னொன்று. ராஜகனி டீச்சர் நிஜமாகவே கண் கலங்கியிருந்தார். "படிச்சவ பேசுற பேச்சா இது, ஆவுடை? உன்னை நான் எப்படி நினைச்சிருந்தேன்" என்றார். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை எல்லா முகங்களும் ஒரே மாதிரிச் சுளித்திருந்தன. அவள் நின்ற இடத்திலிருந்து இரண்டு நாற்காலிகளைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

தலைவர் வாக்கெடுப்புக்கு விட்டார். தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம். எல்லாக் கைகளும் உயர்ந்தன. தீர்மானம் ஒருமனதாகத் தோற்றது. ஊர் தனக்குத்தானே கைதட்டிக்கொண்டது. டீச்சர் பின்சுவர்ப் பக்கம் நடந்துபோய் சங்கிலியின் அம்மாவின் தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். யாரோ அதைப் படம் எடுத்தார்கள். படம் எடுத்து முடியும்வரை அந்த அம்மா விறைத்து நின்றாள். டீச்சர் பிடியை விட்டதும், கைக்குட்டையை மறுபடி மூக்குக்குக் கொண்டுபோனார்.

"ஊர்ல தலைகாட்ட முடியாமப் பண்ணிட்டியே" என்று அன்று ஆவுடையம்மாளின் கணவர் சொன்னார். "நீ பேசினதுகூடப் பரவாயில்ல. அதை எதுக்கு மைக்குல போட்ட?"

அடுத்த சபையில் நான்கு விநாடிக்குள் தீர்மானம் 1188 நிறைவேறியது. ஊரின் மாண்புக்குக் குந்தகம் விளைவித்த செயலரைப் பணியிலிருந்து விடுவிப்பது. ஆதரவு 650. எதிர்ப்பு இல்லை. அவள் இரண்டு முறை எண்ணைப் பார்த்தாள். வடக்குக் குடியிருப்பு முழுவதும் அதில் இருந்தது. அவளுடைய பதிலியும் இருந்தது. நேற்று முழுவதும் தன்னைத்தானே என்ன சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள் என்று அதற்குத் தெரியும்.

சாவிகளை ஒப்படைக்க எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது சங்கிலி வந்தான். வாசலிலேயே நின்றான்.

"என்னோடதும் உங்களுக்கு எதிராத்தான் போட்டிருக்கு. கேட்டுப் பாத்தேன்."

"சரிதான்."

"பழகின நாத்தம்னு சொன்னீங்கள்ல. எங்கம்மா அதைக் கேட்டுட்டு நேத்து முழுக்கப் படுத்தே கெடந்துச்சு."

"மன்னிச்சிருன்னு கேக்க எனக்கு..."

"கேக்காதீங்கக்கா." அவன் குரல் உயரவில்லை. "நீங்க மட்டும்தான் போட்டுக் காட்டினீங்க. அதுக்காக நல்லவங்கன்னு சொல்ல என்னால முடியல. ஆனா உங்ககூட எப்படிப் பேசணும்னு இப்ப எனக்குத் தெரியும். மத்தவங்க வழியில பாத்தா சிரிக்காங்க, தோளைப் பிடிக்காங்க. அவங்க ஒவ்வொருத்தரும் உள்ள என்ன வச்சிருக்காங்கன்னு தெரியணும். அது தெரிஞ்சா போதும்."

ஆவுடையம்மாள் சாவிக் கொத்தை மேசையில் வைத்தாள். ஊராட்சி விதிகள் அவளுக்கு மனப்பாடம். வேண்டாதவர்கள் தங்கள் பதிலியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டவர் ஒவ்வொரு சபைக்கும் தானே வந்து உட்கார வேண்டும். அப்படி ஒருவர் வந்துவிட்டால், சபை அவர் கேட்கும் வேகத்தில் நடக்க வேண்டும்.

"கேக்கும் வேகம்னா?" என்றான் சங்கிலி.

"நாலு விநாடிக்குள்ள அதுக தங்களுக்குள்ள பேசிக்கிடுதுல்லா? அதை எல்லாம் வாய்விட்டுப் பேசணும். அவங்கவங்க குரல்ல. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. வாக்குத்தான் ரகசியம். பேச்சு ரகசியம் இல்ல."

அவள் காதிலிருந்து செவிமணியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். செவிமணி இருந்த இடத்தில் தோல் வெளுத்துப் போயிருந்தது. விலகல் படிவத்தைத் தானே எழுதி, தானே செயலராகக் கையெழுத்திட்டு, தட்டில் போட்டாள். அதுதான் அந்தப் பதவியில் அவள் போட்ட கடைசிக் கையெழுத்து.

தீபாவளி நாற்றத்தோடு வந்து போனது. பாதி ஊர் சொந்தக்காரர் வீடுகளுக்குக் கிளம்பிவிட்டது. மோட்டார் அதற்கு அடுத்த வாரம் வந்தது. நத்தை மறுபடி ஊர்ந்தது. வெளியே எடுத்த வண்டலில் பல்செட் ஒன்றும், திருமண அழைப்பிதழ்க் கட்டு ஒன்றும் கிடந்ததாகச் சங்கிலி சொன்னான். நாற்றம் குறைந்ததும் ஊர் எல்லாவற்றையும் மறக்கத் தயாரானது. அப்போதுதான் வடக்குக் குடியிருப்பின் பதிலிகள் புதிய தீர்மானம் ஒன்றைக் கொண்டுவந்தன. சேர்தொட்டியை வீடுகளுக்குப் பக்கத்திலிருந்து எடுத்து, ஊருக்கு வெகு தள்ளி மேற்கே தரிசில் வைக்க வேண்டும்.

அன்று காலை ஏழு மணிக்கு ஆவுடையம்மாள் கூடத்தில் போய் உட்கார்ந்தாள். புதிய செயலர் பக்கத்து ஒன்றியத்திலிருந்து வந்த பெண். விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, திகைப்போடு பேழையின் வேகத்தைக் குறைத்தாள். சங்கிலி வந்து ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தான்.

குரல்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

தலைவர் குரல் முதலில். "எடுத்தா எங்க கொண்டுபோய் வைக்க? மேற்க என் அண்ணன் மவன் வீடு கட்டப் போறான். அதுவும் போக, தொட்டி பக்கத்துல இருந்தாத்தான் அவங்க அடங்கி இருப்பாங்க." மருந்துக்கடைக்காரர் குரல். "அவங்களுக்கு நான் மாத்திரையைத் தாள்ல வச்சுத்தான் தள்ளுவேன். கையில குடுக்கதில்ல. எத்தனை தண்ணி ஊத்திக் கழுவினாலும் அந்த நாத்தம் போகுமா?" பால் பண்ணைப் பெண் குரல், சிரிப்போடு. ஆவுடையம்மாளின் கணவர் குரலும் வந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர்கூடக் கோபமாகப் பேசவில்லை. காய்கறி விலை பேசுகிற தொனியில், சாவகாசமாகப் பேசினார்கள்.

பத்தரை மணி வாக்கில் சங்கிலியின் குரல் வந்தது. "மாத்தலைன்னா விட்டுருங்க. அடுத்த தீபாவளிக்கு நானே குழாயை அடைச்சு விடுதேன். எல்லாம் எதிர்த்து வந்து அவங்க அடுக்களையில பொங்கட்டும். அவங்க பிள்ளைக அதுல நடக்கட்டும்."

ஆவுடையம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான்" என்றான் அவன். பிறகு, "பிள்ளைகளைச் சொல்லியிருக்க வேண்டாம்" என்றான்.

மாலை வரை கேட்டும் பாதிப் பேர்கூட முடியவில்லை. சபை மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதற்குள் செய்தி தெருத்தெருவாகப் போய்விட்டிருந்தது. மறுநாள் ஆறே முக்காலுக்கே கூடம் நிரம்பியிருந்தது. நாற்காலி போதாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். யாருடைய குரல் வருகிறதோ அவர் இருமினார். பக்கத்தில் இருப்பவரிடம் உரக்கப் பேசினார். ஒருவர் போனில் பாட்டுப் போட்டார். அடுத்தவர் குரல் வந்ததும் எல்லோரும் அமைதியாகிக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். இப்படியே ஒவ்வொருவரும் தன்னுடையதை மறைத்து மற்றவர்களுடையதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதைவிடத் தொட்டி பரவாயில்லை என்று ஆவுடையம்மாளுக்குத் தோன்றியது.

"நான் முப்பது வருசம் அந்தப் பிள்ளைகளைத் தொட்டுப் பாடம் சொல்லியிருக்கேன்" என்று ராஜகனி டீச்சரின் மென்மையான குரல் தொடங்கியது. முன்வரிசையில் இருந்த டீச்சர் சட்டென்று பக்கத்துப் பெண்ணிடம், கார்த்திகைக்குப் பொரி எங்கே வாங்குவது என்று உரக்கக் கேட்டார். அந்தப் பெண்ணும் உரக்கப் பதில் சொன்னாள். மீதி எதுவும் கேட்கவில்லை.

ஆவுடையம்மாள் கையைத் தூக்கினாள். "எனக்குக் கேக்கல. மறுபடி சொல்லச் சொல்லுங்க."

செயலர் விதியைப் பார்த்தாள். நேரில் வந்த உறுப்பினருக்குக் கேட்கவில்லை என்றால் திரும்பச் சொல்ல வேண்டும். பேழை திரும்பச் சொன்னது.

"நான் முப்பது வருசம் அந்தப் பிள்ளைகளைத் தொட்டுப் பாடம் சொல்லியிருக்கேன். ஒரு நாளும் முகம் சுளிச்சதில்ல. ஆனா வீட்டுக்கு வந்ததும் தலையோட குளிச்சிட்டுத்தான் அடுக்களைக்குள்ள போவேன். இப்பவும் அவங்களை நினைச்சா எனக்கு அந்தச் சோப்பு வாசனைதான் வரும்."

சங்கிலி மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை அவரிடம் படித்தவன். இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தான். டீச்சர் திரும்பவில்லை. அவர் பின்கழுத்து மெல்லச் சிவந்தது. எழுந்து போய்விடுவார் என்று ஆவுடையம்மாள் நினைத்தாள். அவர் போகவில்லை. இன்னும் இருநூற்றுச் சொச்சம் பேர் பேச வேண்டியிருந்தது.

மாலையில் வாக்கெடுப்பு நடந்தது. வடக்குக் குடியிருப்பின் நாற்பத்தொன்றோடு ஆவுடையம்மாளின் கை ஒன்று சேர்ந்தது. தீர்மானம் 42-க்கு 608 என்று தோற்றது. ஆனால் அந்த வாரமே ஆட்கள் விலகல் படிவம் கேட்டு அலுவலகத்துக்கு வரத் தொடங்கினார்கள். தங்கள் குரல் மறுபடி சபையில் ஒலிப்பதை யாரும் விரும்பவில்லை. டீச்சர் மூன்றாவதாக வந்தார். முழங்கால் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மார்கழி முடிவதற்குள் முந்நூறு பேர் செவிமணியைக் கழற்றிவிட்டார்கள்.

தை மாதத்தில் தீர்மானம் மறுபடி வந்தது. முந்நூறு பேரும் நேரில் வந்து உட்கார்ந்தார்கள். நேரில், அடுத்தவர் பார்க்க, ஒருவராலும் கையைக் கீழே வைத்திருக்க முடியவில்லை. முந்நூறு கைகளும் உயர்ந்தன. வடக்குக் குடியிருப்பினுடையவை தவிர, மிச்சமிருந்த பதிலிகள் எல்லாம் எதிர்த்தன. 341-க்கு 309 என்று தீர்மானம் நிறைவேறியது. தொட்டியை மேற்கே தரிசுக்குக் கொண்டுபோகும் வேலை மறுவாரமே தொடங்கும் என்று தலைவர் அறிவித்தார். அவர் கையும் உயர்ந்திருந்தது. கைதட்டுவதற்கு ஒருவரும் முன்வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க எல்லோரும் இப்போது பழகியிருந்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள். வேலை எதுவும் இல்லாமல் நின்ற ஆவுடையம்மாள், ஒரு தட்டை வாங்கிக்கொண்டு வடக்குக் குடியிருப்பினர் இருந்த பக்கம் போனாள். இந்த முறை அவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் சங்கிலியின் அம்மாவிடம் நீட்டினாள். அந்த அம்மா கிளாஸைப் பார்த்துவிட்டு மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்தவரும் எடுக்கவில்லை. அதற்கு அடுத்தவரும். யாரும் சண்டைக்கு நிற்கவில்லை.

"எல்லாருக்கும்தான் குடுக்காங்க, சங்கிலி" என்றாள். "உங்களுக்காகத்தான் கை தூக்கியிருக்காங்க."

"பாத்தேங்க்கா. தொட்டி போறதுல எங்களுக்குச் சந்தோசம்தான்." அவன் தட்டிலிருந்த கிளாஸ்களைப் பார்த்தான். அவன் உதட்டோரம் லேசாகச் சுளித்து, உடனே சரியாயிற்று. "ஆனா இதை வாயில வைக்க எனக்கு முடியல."

நாற்பத்தொரு பேரும் எழுந்து வேலையைப் பார்க்கப் போனார்கள். தட்டில் டீ ஆடை படர்ந்து ஆறிக்கொண்டிருந்தது. ஆவுடையம்மாள் அதை ஏந்தியபடி நின்றாள்.